முதிர்ந்த கிரீக் பியர்

கிரீக் என்பது பெல்ஜியத் தலைநகர் பிரசெல்சிலும் அதன் தென்மேற்கே உள்ள பயோட்டன்லாந்து பகுதியிலும் தயாரிக்கப்படும் புளிப்புச் செர்ரி பியர் ஆகும். ஃபிளெமிஷ் பேச்சுவழக்கில் கிரீக் என்ற சொல் புளிப்புச் செர்ரிப் பழத்தைக் குறிக்கும். பழத்தின் பெயரே பானத்துக்கும் ஆகி வந்துள்ளது. லாம்பிக் எனப்படும் பியரில் முழுச் செர்ரிப் பழங்களை ஊறவைத்து இது செய்யப்படுகிறது. இதன் ஆல்ககால் அளவு பொதுவாக 5 முதல் 6 விழுக்காடு.

பெரும்பாலான பியர்கள் புட்டியில் அடைத்த சில மாதங்களில் சுவை குன்றத் தொடங்கும். மரபு முறையில் செய்த கிரீக், குளிர்ந்த நிலவறையில் பத்தாண்டுகளுக்கு மேல் கிடந்தாலும் குடிக்கத் தக்கதாக இருக்கக்கூடும். ஆனால் அது அடைத்த நாளில் இருந்த அதே பானமாக இருப்பதில்லை. செர்ரியின் நிறமும் மணமும் மெல்லக் குறைய, அதன் அடியில் இருந்த லாம்பிக் மேலெழுகிறது. பழைய கிரீக்கைச் சுவைப்பவர் அறிய முற்படுவது இந்த மாற்றத்தையே.

லாம்பிக் உருவாகும் முறை

முளைகட்டிய பார்லியுடன் முளைகட்டாத கோதுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேர்த்து லாம்பிக் காய்ச்சப்படுகிறது. கசப்புக் குறைந்த பழைய ஹாப் பூக்கள் இதில் இடப்படுகின்றன. அவற்றின் பணி கசப்பூட்டுவதன்று. வேண்டாத பாக்டீரியாக்களை அடக்கிவைப்பதாகும்.

காய்ச்சிய சாறு, அகன்ற ஆழமற்ற தொட்டியில் ஓர் இரவு முழுவதும் திறந்தபடி ஆறவிடப்படுகிறது. தனியாக ஈஸ்ட் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் மரப் பீப்பாய்களிலும் வாழும் நுண்ணுயிர்களே நொதித்தலைத் தொடங்குகின்றன. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமலேயே இட்லி மாவு புளிப்பதும் இவ்வகைத் தன்னியல்பு நொதித்தலே. இரவுகள் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதால் லாம்பிக் காய்ச்சும் பருவம் ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே.

பின்னர் சாறு ஓக் மரப் பீப்பாய்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடக்கிறது. முதல் வாரங்களில் என்டெரோபாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அடுத்துச் சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்ககாலாக மாற்றுகிறது. பல மாதங்கள் கழித்துப் பீடியோகாக்கஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பைத் தருகிறது. இறுதியாக மெதுவாக வளரும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட், எஞ்சிய சர்க்கரைகளை உண்டு, வைக்கோல், தோல், பண்ணைத் தொழுவம் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்களைச் சேர்க்கிறது. இந்த ஈஸ்ட் பேரினத்துக்கு 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன் பெயரிட்டார். லாம்பிக்கில் காணப்படும் முக்கியமான இனம் பிரசெல்சின் பெயரையே தாங்கி, பிரெட்டனோமைசிஸ் புருக்செலென்சிஸ் எனப்படுகிறது.

செர்ரியின் பங்கு

கிரீக்குக்கு மரபாகப் பயன்பட்டது ஸ்கார்பேக் செர்ரி. இது சிறியது, அடர்நிறமும் மிகுந்த புளிப்பும் கொண்டது, சதைக்கு ஒப்பிடக் கொட்டை பெரியது. பிரசெல்சின் வடக்கே இருந்த ஸ்கார்பேக் சிற்றூரின் விவசாயிகள் இப்பழங்களைக் கழுதைகளில் ஏற்றி நகரச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அதனால் ஸ்கார்பேக்குக்குக் 'கழுதைகளின் நகரம்' என்ற பட்டப்பெயர் இன்றும் உண்டு. நகரம் விரிந்தபோது அங்கிருந்த தோப்புகள் மறைந்தன. இன்று ஸ்கார்பேக் செர்ரி குறைந்த அளவிலேயே கிடைப்பதால், போலந்து போன்ற இடங்களில் விளையும் புளிப்புச் செர்ரிகளும் பயன்படுத்தப்படுகின்றன.

கோடையில் பறித்த பழங்கள் கொட்டையோடு லாம்பிக்கில் இடப்படுகின்றன. ஒரு லிட்டருக்கு 200 கிராமும் அதற்கு மேலும் பழம் சேர்ப்பது வழக்கம். பழச் சர்க்கரையால் நொதித்தல் மீண்டும் தொடங்குகிறது. சில மாதங்களில் சர்க்கரை முழுவதும் கரைந்துபோகிறது. எனவே மரபான கிரீக் இனிப்பதில்லை. கொட்டையில் உள்ள அமிக்டாலின் சிதைந்து பென்சால்டிஹைடு உண்டாகிறது. வாதுமை மணத்துக்கு இதுவே காரணம்.

சந்தையில் இனிப்பூட்டியும் பழச்சாறு கலந்தும் விற்கப்படும் கிரீக் வகைகள் பல உள்ளன. அவை ஆண்டுக்கணக்கில் முதிரவைப்பதற்கு உரியவை அல்ல. 'பழைய கிரீக்' என்று பொருள்படும் 'அவுடெ கிரீக்' என்ற பெயர் மரபு முறைத் தயாரிப்பைக் குறிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இப்பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது.

புட்டியில் நிகழும் மாற்றங்கள்

மரபான கிரீக் வடிகட்டப்படுவதில்லை; கிருமிநீக்கத்துக்காகச் சூடாக்கப்படுவதும் இல்லை. ஆகவே புட்டியிலும் உயிருள்ள ஈஸ்ட் இருக்கும். தக்கை வழியே மிகச் சிறிதளவு ஆக்சிசனும் உள்ளே புகும். இவ்விரண்டும் சேர்ந்து பானத்தை மாற்றுகின்றன.

முதலில் மாறுவது பழமணம். ஓரிரு ஆண்டுகளிலேயே புதுச் செர்ரியின் துடிப்பு தணியத் தொடங்கும். செந்நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின்கள் சிதைந்தும் பிற சேர்மங்களோடு பிணைந்தும் போவதால், மாணிக்கச் சிவப்பு செங்கல் நிறமாகவும் பின்னர் பழுப்பேறிய ஆரஞ்சு நிறமாகவும் மாறும். உலர்ந்த செர்ரி, வாதுமை, பழைய மரம், தோல் போன்ற மணங்கள் முன்னுக்கு வரும். பழம் மறைத்திருந்த புளிப்பு இப்போது தனித்துத் தெரியும்.

இதனால் கிரீக்கை இளமையிலேயே குடிப்பதே சிறப்பு என்று கருதுவோர் தயாரிப்பாளர்களிடையேயும் உள்ளனர். செர்ரியை விரும்புபவருக்குப் பழைய புட்டி ஏமாற்றமே தரும். வயது ஏற ஏறச் சுவை கூடும் என்ற பொதுக் கருத்து கிரீக்குக்கு முழுமையாகப் பொருந்தாது.

சுவைக்கும் முறை

பழைய புட்டிகள் நிலவறையில் படுக்கைவாட்டில் வைக்கப்படுகின்றன. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டிகளில் வெள்ளைச் சுண்ணக் கோடு ஒன்று இடுவது பழைய வழக்கம். கோடு உள்ள பக்கம் எப்போதும் மேலே இருக்கும்படி வைத்தால் வண்டல் கலங்காது. சில தயாரிப்பாளர்களின் தக்கைகளில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும்.

புட்டியைக் கிடந்த நிலையிலேயே பிரம்புக் கூடையில் வைத்துத் திறந்து, இடையில் நிமிர்த்தாமல் எல்லாக் கோப்பைகளிலும் தொடர்ந்து ஊற்றுவர். ஏறத்தாழ 12 முதல் 14 பாகை செல்சியஸ் வெப்பநிலை ஏற்றது. மிகுந்த குளிரில் மணங்கள் அடங்கிவிடும். பழைய தக்கை உதிரக்கூடும் என்பதால் மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும்.

முதலில் நிறத்தையும் தெளிவையும் பார்க்க வேண்டும். திறந்தவுடன் எழும் புழுக்க வாடையைக் கொண்டு முடிவு செய்யாமல் சில நிமிடங்கள் காத்திருப்பது நல்லது. அதன்பின் முகர்ந்தால் பழம், கொட்டை, மரம், தொழுவம் என மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து தெரியும். சிறு மிடறாகக் குடித்து, புளிப்பின் தன்மையையும் விழுங்கியபின் நிற்கும் சுவையையும் கவனிக்க வேண்டும். அதே தயாரிப்பாளரின் இளம் கிரீக்கை அருகில் வைத்து ஒப்பிட்டால் காலத்தின் வேலை தெளிவாகப் புலப்படும்.

முதிர்ச்சியும் கேடும்

லாக்டிக் அமிலத்தின் புளிப்பு தயிரைப் போல நாவில் பரவும். அசிட்டிக் அமிலத்தின் புளிப்பு காடியைப் போல மூக்கிலும் தொண்டையிலும் காரும். பின்னது சிறிதளவு இருப்பது இயல்பு. மேலோங்கினால் அது குறையே. நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை ஆக்சிசனேற்றத்தையோ கெட்ட தக்கையையோ காட்டும். நுரை குறைந்திருப்பது மட்டும் கேட்டின் அடையாளம் அன்று. பழைய தக்கை வழியே வாயு கசிந்திருக்கலாம்.

அரிதாவதற்கான காரணங்கள்

பிரசெல்சின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கப்பட்ட கான்டியோன், பேர்செல் ஊரின் டிரீ ஃபோன்டெய்னன் போன்ற சில நிறுவனங்களே மரபான கிரீக்கைச் செய்துவருகின்றன. பழம் குறைவு; பீப்பாயில் ஆகும் காலம் நீண்டது; பெரும்பாலான புட்டிகள் இளமையிலேயே குடிக்கப்பட்டுவிடுகின்றன. சேமிப்பும் ஆபத்து நிறைந்தது. 2009இல் டிரீ ஃபோன்டெய்னனின் கிடங்கில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகிச் சூடு ஏறியதால் பல்லாயிரம் புட்டி பியர் கெட்டது. அதன் உரிமையாளர் அர்மான்ட் டெபெல்டர், அந்தப் பியரைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்தார்.

குளிர்ந்த இரவுகளும் குறைந்துவருகின்றன. 2015 நவம்பரில் இரவு வெப்பம் தணியாததால் கான்டியோன் காய்ச்சுவதைச் சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது. தொட்டியில் படியும் நுண்ணுயிர்களும் தோப்பில் விளையும் பழமும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுகின்றன. ஆகவே ஓர் ஆண்டின் கடைசிப் புட்டி திறக்கப்பட்டபின், அந்த ஆண்டின் கிரீக்கை யாராலும் மீண்டும் உருவாக்க இயலாது.