மூன்று பேர் போன வழி

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மாலை மயங்கிய பின் விமானம் ஏறினால் மறுநாள் விடிகாலையில் லண்டனில் இறங்கலாம். 14,498 கிலோமீட்டர் தூரம். பதினேழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். குவாண்டாஸ் நிறுவனம் 2018 மார்ச்சில் இந்த இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. உலக உருண்டையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் மேலாகத்தான் போகும். காற்றையும் போர்ச் சூழலையும் பார்த்து விமானிகள் விலகிப் போவதுண்டு.

இந்த வழியின் முதல் பகுதியை மட்டும் கடக்க 1943-ல் ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை. சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதால் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்து கிடந்தது. அதை மீண்டும் இணைக்க, பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து கேட்டலினா வகை மிதவை விமானங்கள் கிளம்பின. ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, இலங்கையின் காலி நகருக்கு அருகே உள்ள கொக்கலை ஏரியில் அவை இறங்கின. சாதாரணமாக 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. போகும் வழியில் இரண்டு முறை சூரியன் உதிக்கும் என்பதால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே அந்தச் சேவைக்குப் பெயர் வந்தது. எதிரி காதில் விழுந்துவிடக் கூடாது என்று வானொலியை மூடிவைத்து, நட்சத்திரங்களைப் பார்த்தே திசை கணித்தார்கள். ரைகல், வேகா, அன்டாரஸ் என்று விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள்தான்.

என்னை அதிகம் உலுக்குவது இந்த மணிக்கணக்கு அல்ல. அவ்வளவு பெரிய விமானத்தில் போக முடிந்தது மூன்றே பயணிகள். கூடவே 69 கிலோ தபால். மற்ற எடையெல்லாம் பெரும்பாலும் எரிபொருள். தூரத்தை அன்று ஆட்களைக் குறைத்துத்தான் கடந்தார்கள். 1947-ல் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோடு சிட்னியிலிருந்து லண்டன் போனது. ஆனால் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஆறு இடங்களில் இறங்கி, நான்கு நாளில்தான் போய்ச் சேர்ந்தது. 1989-ல் ஒரு போயிங் 747-400, லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் சுமார் இருபது மணி நேரத்தில் பறந்து காட்டியது. அதில் கட்டணப் பயணி ஒருவர்கூட இல்லை.

ஆகவே, பெர்த்–லண்டன் விமானத்தில் 236 இருக்கைகள் இருப்பதைத்தான் நான் உண்மையான மாற்றம் என்பேன். இலகுவான உடலும் சிக்கனமான எஞ்சினும் கொண்ட போயிங் 787 இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனாலும் ஆட்களைக் குறைத்துத் தூரத்தை வாங்கும் பழைய பேரம் முடிந்துவிடவில்லை. சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேரே பறக்க, 2027-ல் தொடங்கும் எண்ணத்தோடு ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களைக் குவாண்டாஸ் தயார்செய்கிறது. அந்தப் போர்க்காலச் சேவையின் நினைவாகத் திட்டத்தின் பெயரே ‘ப்ராஜெக்ட் சன்ரைஸ்’. கூடுதல் எரிபொருள் தொட்டி ஒன்று சேர்கிறது. முந்நூறுக்கு மேல் இருக்கைகள் போடக்கூடிய இடத்தில் 238 மட்டும். இருக்கை குறைந்தால் டிக்கெட் விலை ஏறத்தான் செய்யும். குடும்பத்தோடு போகிறவர்களில் பலர் இன்னும் பல காலம் சிங்கப்பூரிலோ துபாயிலோ இறங்கித்தான் ஏறுவார்கள்.