கீசரில் தண்ணீர் சொட்டுதா? அடைக்காதீங்க!

புளியந்தோப்பில் ஒண்டுக்குடித்தனமோ, ஹவுசிங் போர்டு வீடோ, மார்கழி வந்தால் கீசர் ஆசை வந்துவிடும். தப்பில்லை. மாட்டுவதில்தான் ஆபத்து!

"மூணாவது ஒயர் எதுக்கு? அது இல்லாமலே தண்ணி சுடுதே!" என்பார்கள் சிலர். அதுதான் எர்த். உள்ளே காயில் பழுதானால் தண்ணீரிலும் குழாயிலும் கரண்ட் பாயும். எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் லைன் சட்டென்று கட்டாகும். இல்லாவிட்டால் ஈரக் கையோடு குழாயைத் தொடுகிறவர் கதி?

2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் தாங்காது; 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக வேண்டும்.

சொட்டுவது கோளாறா?

இல்லை! சூடேறினால் தண்ணீர் பெருகும். 25 லிட்டர் கீசரில் சுமார் அரை லிட்டர் கூடும். அதை வெளியே விடத்தான் சேப்டி வால்வு. "ஒழுகுதே" என்று அதை அடைத்தால் டேங்க் வெடிக்கலாம்! சுவிட்சை அணைத்த பிறகும் நாள் முழுக்க ஒழுகினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

புது கீசரா? சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் நிறைய வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். குளிக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள்.

கூலியை மிச்சம் பிடிக்காதீங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்க. போன உயிர் திரும்புமா?