சில்லைக் காக்கும் பசை

மாணவர்களே, ஒரு காகிதக் கவ்வியை எடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். இதை 'உலோகச் சோர்வு' என்பார்கள். உங்கள் கைப்பேசிக்குள்ளும் இந்த ஆபத்து உண்டு.

கைப்பேசியின் சில்லு, சோல்டர் எனப்படும் பற்றாசினால் ஆன சிறு குமிழ்கள் மூலம் மின்சுற்றுப் பலகையுடன் இணைக்கப்படுகிறது. கைப்பேசியில் விளையாடும்போது சில்லு சூடாகும், நிறுத்தினால் குளிரும். சூடேறினால் பொருள்கள் விரிவடையும் என்று படித்திருப்பீர்கள். ஆனால், எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், 1 மீட்டர் நீளமுள்ள சிலிக்கான் சுமார் 3 மைக்ரோமீட்டர் நீளும். பலகையோ சுமார் 17 மைக்ரோமீட்டர் நீளும்.

கணக்கிட்டுப் பார்ப்போமா? 20 மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லு 60 டிகிரி சூடேறினால் 3.6 மைக்ரோமீட்டர் விரியும். அதன் கீழுள்ள பலகை 20.4 மைக்ரோமீட்டர் விரியும். வேறுபாடு ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர்; தலைமுடியின் தடிமனில் கால் பங்கு! ஆனால், ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் ஓரத்துக் குமிழ்கள் இப்படி இழுபடுகின்றன. கடைசியில் காகிதக் கவ்வியைப் போல முறிகின்றன.

இங்கேதான் பசை உதவுகிறது. திரவ நிலையிலுள்ள எபோக்சிப் பசையைச் சில்லின் ஓரத்தில் இடுவார்கள். நுண்புழை விளைவால் அது சில்லுக்கு அடியில் தானாகவே பரவும். சூடேற்றியதும் கெட்டியாகிவிடும். பிறகு, சில குமிழ்கள் மட்டும் தாங்கிய இழுவிசையை முழுப் பரப்பும் பகிர்ந்துகொள்கிறது.

அப்படியானால், நன்றாக ஒட்டும் பசை எதுவாக இருந்தாலும் போதுமா? போதாது. கலப்பில்லாத எபோக்சி பலகையைவிட மிக அதிகமாக விரியும். அதுவே குமிழ்களை இழுத்துவிடும். ஆகவே, மிகக் குறைவாக விரியும் சிலிக்காத் தூளை அதில் கலக்கிறார்கள். மணலில் பெரும்பங்கு இருக்கும் அதே பொருள்தான்! தூள் மிகுந்தால் பசை குழம்பாகி, இடுக்கில் பரவாது. கெட்டியானபின் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் சில்லிலேயே விரிசல் விழலாம். மிகவும் மென்மையாக இருந்தாலோ குமிழ்களுக்குத் துணை நிற்காது. வலிமை, விறைப்பு, விரிவு மூன்றும் பொருந்தினால்தான் அது நல்ல பசை.

சில்லுகளைப் பொதியிடும் இத்தொழில் நமக்குப் புதிதல்ல. இன்டெல் நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் தொழிற்சாலை தொடங்கிவிட்டது.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: சில்லின் அகலம் 40 மில்லிமீட்டர் என்றால் வேறுபாடு எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள். பெரிய சில்லுகளுக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை என்பது விடையிலேயே புரியும்.