கரண்ட் போனால் சோலாரும் போகும்

2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். பிரசாரத்தில் மின்வெட்டுதான் பெரிய பேச்சு. வாக்குப்பதிவு முடிந்த மறுநாளே கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது. விசைத்தறியை நம்பிப் பிழைக்கும் இந்த ஊரில் கரண்ட் நின்றால் கூலியும் நிற்கும்.

அந்த அளவு மின்வெட்டு இப்போது இல்லை. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்தது. 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் நடுத்தரக் குடும்பங்களும் மொட்டை மாடியைப் பார்க்கத் தொடங்கின. ஆனால் ஆடிக் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால், உச்சி வெயிலிலும் சோலார் வீட்டில் ஃபேன் நின்றுவிடும். இது கோளாறு இல்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. அந்த நேரத்திலும் வீடு ஓட வேண்டுமானால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அந்த மானியக் கணக்கில் பேட்டரி வராது.

பேட்டரி வைத்தால் பில் குறையுமா? இன்றைய நிலையில் பெரிதாகக் குறையாது. பகலில் மிஞ்சும் யூனிட் நெட் மீட்டர் வழியாக மின்வாரியத்துக்குப் போய், ராத்திரி நாம் எடுப்பதில் கழிந்துவிடுகிறது. பேட்டரியில் ஏற்றி இறக்கினால் கொஞ்சம் வீணாகவே செய்யும். ஆகவே பேட்டரிக்குப் போடும் பணம் மின்தடைக்கான பாதுகாப்பு என்றே நினைத்து வாங்க வேண்டும்.

வீடுகளில் வழக்கமாக இருக்கும் 150 ஏஹெச், 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். இரண்டு ஃபேன், நான்கு எல்இடி விளக்கு, ஒரு டிவி என்றால் மூன்று மணி நேரம் ஓடும். 75 வாட் பழைய ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடும். என்னைக் கேட்டால் முதலில் ஃபேனைத்தான் மாற்றச் சொல்வேன். டியூபுலருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் விட்டுத் துடைத்து வாசலின் தடவ வேண்டும். லித்தியம் பேட்டரியில் இந்த வேலை இல்லை, முக்கால் பங்குக்கு மேல் எடுக்கலாம், ஆயுளும் அதிகம். விலைதான் கையைக் கடிக்கும்.

தறிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் 750 வாட்டுக்கு மேலேயே இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போலப் பல மடங்கு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசமாகவும் கிடைக்கிறது. தறி லைனிலேயே ஓடட்டும்; வீட்டுக்குப் பேட்டரி போதும்.

நெட் மீட்டர் சலுகை என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலில், புதிதாகச் சோலார் போடுவோர் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கான விலையை வெகுவாகக் குறைத்தார்கள். அதன் பிறகு அங்கே சோலாரோடு பேட்டரியும் சேர்த்து வாங்குவது மளமளவென்று கூடியது. இங்கேயும் வெயில் சாய்ந்த பிறகுதான் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஒரே நேரத்தில் எரிகின்றன. அந்த மாலை நேரச் சுமையில் வீட்டுக்கு ஒரு யூனிட்டைப் பேட்டரி தாங்கினாலும் வாரியத்துக்கு லாபம். சோலார் தகட்டுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கைச் சிறிய பேட்டரிக்கும் கொடுங்கள் என்று அரசிடம் கேட்பதற்கு அதுவே போதுமான காரணம்.