ஊரிலேயே வாழும் உரிமை



மறைந்த தோழரின் நினைவாகக் கூடும் இந்த அவையில் நாம் எப்போதும் சாதி ஒழிப்பைப் பற்றியே பேசிவந்திருக்கிறோம். இன்று பேசப்போவதும் அதுதான். திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர், ஆண் பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறந்த இடைப்பாலினர் ஆகிய எல்லோரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்கிறோம். இவர்கள் பெருநகரத்துக்கு ஓடாமல், பிறந்த சேரியிலும் சிற்றூரிலும் ஒளிவுமறைவின்றித் தலைநிமிர்ந்து வாழ என்ன வேண்டும்? இதுவும் சாதி ஒழிப்பின் கேள்விதான் என்பதே நம் வாதம்.

ஊர் என்பது நமக்கு இனிக்கும் சொல் அல்ல. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் குடிகொண்ட இடமாகவே விவரித்தார். நகரத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்பது நம் மக்களுக்குப் பழகிய அறிவுரை. பால்புதுமையருக்கும் அதே அறிவுரைதான் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு தலித் திருநங்கை பதினாறு வயதில் வீட்டைவிட்டு விரட்டப்படும்போது அவர் இழப்பது வீட்டை மட்டுமல்ல. படிப்பு நிற்கிறது. சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றன. ரேஷன் அட்டையிலிருந்து பெயர் போகிறது. காலனி வீட்டில் பங்கு போகிறது. இடஒதுக்கீட்டுக்கான காகிதம் இல்லாமல் நகரத்துக்குப் போகிறவருக்குக் கடைகேட்பதும் பாலியல் தொழிலுமே மிஞ்சுகின்றன. வாடகை வீடு தேடினால் சாதிக்காகவும் கதவு மூடுகிறது, பாலினத்துக்காகவும் மூடுகிறது.

ஏன் விரட்டுகிறார்கள்? 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரை, சாதியின் உயிர்நிலை அகமணமுறை என்று காட்டியது. சாதி தொடர வேண்டுமானால் ஒவ்வொரு ஆணும் ஒவ்வொரு பெண்ணும் சாதிக்குள் மணக்க வேண்டும், சாதிக்குள் பிள்ளை பெற வேண்டும். கல்யாணமே வேண்டாம் என்பவரும், இன்னொரு பெண்ணோடுதான் வாழ்வேன் என்கிற பெண்ணும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுக்கிறார்கள். சாதி மறுத்து மணந்தவர்களைத் தேடிப் போகும் அதே உறவுக் கூட்டம், ‘குடும்ப மானம்’ என்ற அதே சொல்லோடு இவர்களையும் தேடிப் போகிறது.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களின் வழக்கு இதற்குச் சான்று. பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் விசாரணைக்கு வந்தது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வயதுவந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்வது தெரிந்தால் போலீஸ் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும் என்றார். ‘குணப்படுத்துகிறோம்’ என்று தரப்படும் சிகிச்சைகளுக்கும் தடை விதித்தார். உத்தரவுக்கு முன் அவரே ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார். ஊர்ப் பெரியவர்களும் அப்படிக் கற்றுக்கொள்ளலாம்.

சாந்தி சௌந்தரராஜனை நாம் மறக்க முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த தலித் பெண் அவர். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவரின் அந்தரங்கம் ஊடகங்களில் பேசுபொருளானது. அவர் கேட்டது இரக்கம் அல்ல, வேலையும் மரியாதையும். அரசுப் பயிற்சியாளர் பணிக்கு அவர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

சட்டங்கள் வந்திருக்கின்றன. 2008இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழ்நாடு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து இடஒதுக்கீடும் தரச் சொன்னது. 2019இல் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணம் செல்லும் என்றது. இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவைச் சிகிச்சை கூடாது என்றும் சொன்னது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அதைத் தடைசெய்து ஆணையிட்டது.

ஆனால் குறைகளும் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பெண் மீதான பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டம், திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு வைத்த உச்ச தண்டனையே 2 ஆண்டுதான். இடஒதுக்கீட்டிலும் சிக்கல். தமிழ்நாட்டின் 2015ஆம் ஆண்டு அரசாணை திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. இது பாலினத்தை ஒரு சாதியாகக் கணக்கிடுவது. பட்டியல் சாதித் திருநங்கைக்கு இதனால் தனிப் பயன் ஏதுமில்லை. கிரேஸ் பானு உள்ளிட்ட தலித் திருநர் தோழர்கள் கேட்பது கிடைமட்ட இடஒதுக்கீடு. அதாவது பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர், பொது என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்கு ஒரு பங்கு. கர்நாடகம் 2021இல் ஒரு சதவீதம் கொடுத்துவிட்டது.

சட்டம் மாவட்டத் தலைநகரம் வரை வரும். அங்கிருந்து தெருவுக்குக் கொண்டுவர வேண்டியது நாம்தான். பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை படிப்பை விடாதபடி தலைமையாசிரியரிடம் நாலு பேர் போய்ப் பேச வேண்டும். வீட்டைவிட்டுப் போனவரின் சான்றிதழ்களை மீட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிய பெயரில் அடையாள அட்டையும் சாதிச் சான்றிதழும் வாங்க, தாலுகா அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் துணைக்குப் போக வேண்டும். விருப்பமில்லாத கல்யாணத்துக்குப் பந்தல் போடப்பட்டால், சாதி மறுப்பு இணையருக்கு நிற்பதுபோல் அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். வீட்டுமனைப் பட்டா மனுக்களில் அவர்கள் பெயரையும் எழுத வேண்டும். கல்யாண வீட்டுக்கு அழைப்பு வைக்க வேண்டும். தாயின் சாவுக்கு வருகிறவரைத் தெருமுனையில் நிறுத்தக் கூடாது. நம் மேடைகளிலும் பாடல்களிலும் அவர்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம் அமைப்புகளில் அவர்களுக்குப் பொறுப்புகள் வேண்டும்.

நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022இல் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா நாயக் வென்றார். வாக்களித்தவர்கள் அந்த வார்டின் சாதாரண மக்கள்தான்.

தீண்டாமை என்ன செய்யும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடம் தள்ளிவைக்கப்பட்ட வலியை அறிந்த தெருவில், பெற்ற பிள்ளையைத் தள்ளிவைக்கும் வீடு ஒன்றும் இருக்கலாகாது. அந்த வேலையை நம் தெருவிலிருந்து தொடங்குவோம்.