எழுத்தில் எரிந்த இல்லமும் திரையில் எரிந்த இல்லமும்

பேரழிவொன்றை இலக்கியமாக்குதல் அரிது. அவ்விலக்கியத்தைத் திரைக்கு மாற்றுதல் அதனினும் அரிது. யூத இனப்படுகொலையைப் பொருளாகக் கொண்டு தோமஸ் கெனீலி 1982இல் வெளியிட்ட நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1993இல் திரைப்படமாக்கினார். காணவொண்ணாக் கொடுமையைக் காட்சியாக்குதல் தகுமோ என்னும் வினா அப்போது வலுப்பெற்றது. அவ்வினா கொழும்பு மாநகருக்கும் உரியதே.

கொழும்பிற் பிறந்து கனடாவிற் குடியேறிய ஷியாம் செல்வதுரை, 1994இல் ‘ஃபனி போய்’ என்னும் நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். வசதி மிக்க கொழும்புத் தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஆர்ஜி, தான் பிற சிறுவரின் வேறானவன் என்பதை உணர்ந்து வளர்வதை, ஆறு பகுதிகளாய் அமைந்த அந்நாவல் கூறும். இறுதிப் பகுதி 1983ஆம் ஆண்டு யூலைக் கலவர நாட்குறிப்பாகும். தீபா மேத்தாவின் இயக்கத்தில் அது 2020இல் திரைப்படமாயிற்று. திரைக்கதையாக்கத்தில் நாவலாசிரியரும் பங்குகொண்டார்.

இரண்டிற்குமுள்ள முதல் வேறுபாடு கதைசொல்லியைப் பற்றியது. நாவலிற் பேசுபவன், புலம்பெயர்ந்த பின் நினைவுகூரும் வளர்ந்தவன். ஆதலின் பாட்டி வீட்டு மணப்பெண் விளையாட்டின் குதூகலத்திலும் இழப்பின் நிழல் படிகிறது. படத்திலோ ஆர்ஜியின் இரு பருவங்களை இரு நடிகர் ஏற்கின்றனர். காட்சி நம் கண்முன் நிகழ்வதால், நினைவின் துயரம் குறைந்து நிகழ்ச்சியின் விரைவு மிகுகிறது.

இரண்டாவது, கலவரத்தைக் கூறும் முறை. நாட்குறிப்பு எழுதுபவன் யாவற்றையும் கண்டவனல்லன். வதந்தியும் காத்திருத்தலுமே அவனுடைய நாட்கள்; பாட்டன் பாட்டியின் மரணமும் செய்தியாகவே வந்து சேர்கிறது. வாக்காளர் பட்டியலைக் கையிலேந்தி வீடு வீடாக வந்த கும்பல்களுக்கு அஞ்சி, அயலவர் இல்லங்களில் ஒளிந்திருந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழர் பலரின் அனுபவமும் அதுவே. கமராவோ தீயைக் காட்டியாக வேண்டும்; காட்டிய அளவில் அத்தீ எல்லை பெற்றுவிடுகிறது.

மூன்றாவது மொழி, இதுவே மிக நுண்ணியது. ஆங்கில நாவலைப் படிக்கும் தமிழர், பாத்திரங்களின் தமிழைத் தம் செவியிலேயே கேட்டுக்கொள்வர். திரையில் அத்தமிழ் ஒலித்தே தீரவேண்டும். முதன்மைப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழரல்லாதார் நடித்தமையும், தமிழ் உச்சரிப்புப் பிழைபட்டமையும் புலம்பெயர் தமிழரிடையே கண்டனத்துக்குள்ளாயின. ஒஸ்காரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்குக் கனடா அனுப்பிய இப்படம், ஆங்கில உரையாடல் பாதிக்கு மேற்பட்டதெனக் கூறி நிராகரிக்கப்பட்டமையும் ஈண்டு நோக்கற்பாலது.

இக்கண்டனத்தைச் சிறுமையெனக் கொள்ளுதல் பொருந்தாது. கலவர நாட்களில் வழிமறித்தோர், ‘வாளி’யைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரை இனங்கண்டனர் என்று தப்பியோர் கூறுவர். நாவின் ஒலியே உயிரைத் தீர்மானித்த வரலாற்றைச் சொல்லும் படத்தில், அந்நாவின் ஒலி பிறழ்ந்தமை எங்ஙனம் சிறு பிழையாகும்?

எனினும் நாவலை அறியாத பல்லாயிரவர்க்கு 1983ஐ அறிவித்தது திரைப்படத்தின் தொண்டு. எரிந்த இல்லத்தைப் படம் காட்டுகிறது. அவ்வில்லத்தில் வாழ்ந்தோரின் பேச்சை நாவல் காக்கிறது. இரண்டையும் ஒருசேரக் கற்போரே இழப்பின் முழு அளவை உணர்வர்.