நெஞ்சுவலிக்கு சோடா மருந்தாகுமா?

நெஞ்சில் ஏதோ பிடித்தாற்போல் இருந்தால் நம் பேரிகைப் பக்கத்து மக்கள் பலர் முதலில் வருவது நம் கடைகளுக்குத்தான். "கேஸ்" என்று தாங்களே முடிவு செய்து சோடாவோ, ஈனோவோ, ஓம வாட்டரோ கேட்பார்கள். கேட்டதைக் கொடுப்பது நம் தொழில். ஆனால் வந்திருப்பது மாரடைப்பாக இருந்தால், ஏப்பம் வருமா என்று காத்திருக்கும் நேரமே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இருதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து, அந்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே பெரும்பாலான மாரடைப்புக்குக் காரணம். இரத்தம் கிடைக்காத தசை சிறிது சிறிதாகச் செத்துப்போகும். அது வாராக்கடன் போன்றது. பிறகு எவ்வளவு செலவழித்தாலும் திரும்பாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியோ, ஆஞ்சியோபிளாஸ்டியோ முதல் ஓரிரு மணி நேரத்திற்குள் கிடைத்தால் பலன் அதிகம்.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன் மூலம் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வரலாயின. ஆயினும் அவற்றை வாங்குவோரில் சிலர், "நமக்கு பி.பி., சுகர்தானே, இருதயத்தில் ஒன்றுமில்லை" என்று எண்ணுகிறார்கள். இருதயக் குழாயைக் கெடுப்பவற்றில் முக்கியமானவை அவ்விரண்டும் புகையிலையும்தான். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவது தவறு.

நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற வலி, அது இடக்கை, தோள், தாடைக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். கேஸா, மாரடைப்பா என்பதை நாமோ நோயாளியோ கண்டறிய இயலாது, அதற்கு இ.சி.ஜி. பார்க்க வேண்டும்.

எனவே இத்தகையவர் கடைக்கு வந்தால் நாம் செய்ய வேண்டியவை: உட்கார வைத்து, நடக்க விடாமல், 108-ஐ அழைக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் அதே எண்தான். தாமதமாகுமெனில் கிடைத்த வண்டியில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பலாம். 2023-இல் வந்த "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் தர வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கே இருப்பு வைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. நாமாக எந்த மாத்திரையும் கொடுக்கலாகாது.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வியாபாரம் பேசும் நாம், இதையும் அவரவர் மொழியில் எடுத்துச் சொல்லலாம். கல்லாவை விட்டு எழுந்தால் வியாபாரம் கெடுமென்று வலியைப் பொறுத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். கடையை நாளையும் திறக்கலாம்.